அச்சிட்ட உலோகம் எங்கே உடையும்?

3டி அச்சில் செய்த டைட்டானியம் பாகத்தின் இழுவலிமை, சான்றிதழில் 1100 மெகாபாஸ்கலுக்கு மேல் இருக்கிறது. வழக்கமான முறையில் செய்த டைட்டானியம் கம்பியைவிட அதிகம். பிறகென்ன பயம்?

அந்த எண்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். உலோகத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்கித்தான் அச்சிடுகிறார்கள். ஒரு நேரத்தில் லேசர் உருக்கும் துளி மிகச் சிறியது; நொடிக்குப் பல லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்துவிடும். ஆறு சதவீத அலுமினியமும் நான்கு சதவீத வனேடியமும் சேர்ந்த டைட்டானியம் இப்படிக் குளிர்ந்தால் மார்ட்டென்சைட் என்னும் கடினமான, ஊசி வடிவப் படிக அமைப்பாக உறைகிறது. வலிமை கூடும், நீட்சி (உடையும் முன் நீளும் அளவு) குறையும். ஏற்கெனவே விரிசல் இருக்கும்போது எவ்வளவு தாங்கும் என்பதுதான் முறிவு எதிர்ப்பு. அது வேறு கணக்கு. நீட்சியைப் பொறுத்தவரை, அச்சிட்ட இந்தக் கலவைக்கான அமெரிக்கத் தர அமைப்பின் ஏ.எஸ்.டி.எம். எஃப்2924 தரநிர்ணயம் குறைந்தது 10 சதவீத நீட்சி கேட்கிறது. வெப்பச் சிகிச்சை இல்லாத பாகம் பெரும்பாலும் அதை எட்டாது.

நிறுத்தி அச்சிட்டால் என்ன, கிடத்தி அச்சிட்டால் என்ன?

நிறையவே வித்தியாசம் உண்டு. ஓர் அடுக்கின் தடிமன் 30 முதல் 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). லேசரின் சக்தி போதாமலோ தடங்கள் சரியாக ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலோ போனால், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே தட்டையான இடைவெளி விழும். உடைந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள்: பள்ளத்துக்குள் உருகாத தூள் கடுகு சிந்தியதுபோல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். விரிசல் கிளம்பிய இடம் அதுதான். இடைவெளி படுக்கையாகக் கிடப்பதால், அச்சிட்ட திசையிலேயே, அதாவது மேலும் கீழுமாக இழுத்தால் அது வாயைப் பிளக்கும். பக்கவாட்டில் இழுத்தால் பாதிப்பு குறைவு. லேசரின் சக்தி மிகுந்துபோனாலும் துளை விழும். ஆனால் அது பெரும்பாலும் உருண்டையானது, கூர்முனை இல்லாதது. இரண்டில் எதையாவது சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் நான் உருண்டையையே தேர்வேன்.

‘ஹிப்’ (சூட்டோடு எல்லாப் பக்கமும் வாயுவால் அழுத்தும் சிகிச்சை) செய்துவிட்டால் துளைகள் எல்லாம் மூடிவிடுமா?

ஏறத்தாழ 920 டிகிரி வெப்பத்தில், 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில், இரண்டு மணி நேரம் வைப்பது வழக்கம். உள்ளே இருக்கும் துளைகள் மூடும்; மார்ட்டென்சைட்டும் சிதைந்து நீட்சி திரும்பும்; வலிமை கொஞ்சம் இறங்கும். அந்த நஷ்டம் பரவாயில்லை. ஆனால் மேற்பரப்பு வரை வாய் திறந்திருக்கும் துளை மூடாது, ஏனெனில் அழுத்தும் வாயுவே அதற்குள் புகுந்துவிடும். ஆர்கான் சிக்கிய துளை, பின்னால் மீண்டும் சூடாக்கும்போது தலைகாட்டுவதும் உண்டு.

316எல் என்னும் துருப்பிடிக்காத எஃகுக்கும் இதே வைத்தியமா?

கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். அதில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அறை அறையான நுண்கட்டமைப்பு உருவாகிறது. வலிமையும் நீட்சியும் சேர்ந்தே கிடைக்கின்றன. கடுமையாகச் சூடாக்கினால் அறைகள் கரைந்து வலிமை போய்விடும்.

சென்னையின் விண்வெளி நிறுவனமான அக்னிகுல் அச்சிட்ட எஞ்சினோடு 2024 மே 30 அன்று ராக்கெட்டைப் பறக்கவிட்டதே?

பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் ராக்கெட் எஞ்சின் எரிவது சில நிமிடங்கள். இடுப்பு மூட்டு உள்வைப்பு ஆண்டுக்குப் பத்து லட்சம் தடவையாவது சுமை ஏறி இறங்கும். அங்கே அச்சிட்டபடியே விட்ட சொரசொரப்பான பரப்பே விரிசலுக்குப் போதும். சுமை விழும் இடங்களைக் கடைந்து மெருகேற்றியாக வேண்டும்.

வாங்கும்போது எதைக் கேட்பது?

பாகத்தை அச்சிட்ட அதே தட்டில், அதே ஓட்டத்தில், நிறுத்தி அச்சிட்ட சோதனைத் துண்டு. உள்ளே எக்ஸ்ரேயால் பார்க்கும் சி.டி. ஸ்கேன் படம் மட்டும் போதாது. பாகம் பெரிதாகப் பெரிதாகப் படத்தின் நுணுக்கம் குறையும், மெல்லிய இடைவெளிகள் அதில் தப்பிவிடும்.