வலிப்பு இல்லாத நாளில் அது எப்படி இருக்கிறது?

வலிப்பு வந்த உங்கள் நாய்க்கு வெறிநோயாக இருக்காதுங்க, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கோபி பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மிணி, நீங்கள் பத்துப் பதினொரு சந்தேகம் அடுக்கியிருந்தாலும் உண்மையான பயம் கடைசி வரியில்தான் இருக்கிறது: "வீட்டில் நாலு வயசுப் பையன் இருக்கிறான், நாய் கடித்துவிடுமா?" வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்த நாய் பத்து நாளைத் தாண்டுவது அபூர்வம். உங்கள் மூன்று வயது பக் ஜாதி நாய் மூன்று வாரமாகச் செக்குமாடு மாதிரி வாசலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, வருஷா வருஷம் ஊசியும் போட்டிருக்கிறீர்கள். ஆனாலும் பையனைத் தள்ளியே வையுங்கள், தலை குழம்பிய நாய், கழுத்து வலிக்கிற நாய் யாரையும் வெடுக்கென்று கவ்வும். கடித்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போய்விடுங்கள்.

குறட்டை, மூச்சை உள்ளே இழுத்து இழுத்துத் தும்முவது, புல் தின்பது, தூக்கத்தில் காலை உதைப்பது எல்லாம் பக் காலம் காலமாகச் செய்கிற வேலை. விடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு தடவை வலிப்பு வந்தது சரி, நடுவில் இருக்கிற நாட்களிலும் வலது பக்கமாகவே சுற்றுகிறது, இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறது என்கிறீர்கள். சாதாரணக் காக்காய் வலிப்பு உள்ள நாய், வலிப்பு அடங்கி ஒன்றிரண்டு நாள் போனால் பழைய நாய்தான். இது அப்படித் திரும்பவில்லையே! சோறு வைத்துப் பாருங்கள், வட்டிலில் வலது பாதியைத் தின்றுவிட்டு இடது பாதியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறதா? நிற்க வைத்து இடது முன்காலின் பாதத்தை மெதுவாக மடக்கி, புறங்கால் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் சட்டென்று நிமிர்த்திக்கொள்ளும். அப்படியே மடங்கி நின்றால், உடம்பின் இடது பக்கத்தை ஆளுகிற மூளையின் வலது பாதியில் ஏதோ நடக்கிறது.

பக், மால்டீஸ், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் மாதிரி சின்ன ஜாதிகளில், இளவயதிலும் நடுவயதிலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சி ஒன்று உண்டு. கிருமி எதுவும் அகப்படாது. மூளைத் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நூற்றுக்கு நூறு சொல்ல முடியும், உயிரோடு இருக்கிற நாயில் அதை அனேகமாக யாரும் செய்வதில்லை. ஆக, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்துதான் பேர் வைக்கிறோம். ரத்தத்தில் சர்க்கரை, ஈரல், உப்புகள், நம்ம ஊர் உண்ணிக் காய்ச்சல், அப்புறம் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய், டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி. ரத்தம் சுத்தமாக வந்தாலும் மூளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதன்பின் மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ, அதைப் பார்த்துவிட்டுப் பிடரிப் பக்கம் ஊசி விட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீரை எடுத்துப் பார்ப்பது. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது நீரை எடுத்தால் மூளை கீழே பிதுங்கி நாயே போய்விடலாம். அந்த நீரில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு வெள்ளணு 5-க்குள் இருக்க வேண்டும், ஏறியிருந்தால் உள்ளே அழற்சி என்று சந்தேகிப்போம்.

இங்கேதான் எனக்குக் கோபம். வீடியோ பார்த்துவிட்டு, மாமனாரின் மூச்சிரைப்புக்கு வாங்கி மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஐந்து நாள் கொடுத்தீர்களாம், "தெளிந்தது, மறுபடி வந்துவிட்டது" என்கிறீர்கள். தெளியத்தான் செய்யும். இந்த நோய்க்கும் வைத்தியம் ஸ்டீராய்டில்தான் ஆரம்பிக்கிறது, கூடவே அதைப் போலவே எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைட்டராபின், சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்துகளும் சேரும், பிடித்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓடுகிற நாய்களும் உண்டு, சில நாய்கள் ஒரு வாரத்தில் போய்விடுவதும் உண்டு. ஆனால் பரிசோதனைக்கு முன்னால் கொடுத்தால் அந்த வெள்ளணு குறைந்து, முடிவு நல்லதாக வந்து எல்லாரையும் ஏமாற்றும். உள்ளே இருப்பது கிருமி என்றால் அதற்கு நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

இந்த வாரமே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள், எம்ஆர்ஐ எங்கே எடுப்பது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்து டாக்டரிடம் ஓடுங்கள். அப்போது வாயில் கை வைக்க வேண்டாம், நாயின் காலில் இரும்புச் சாவியைத் திணிக்கிற வேலையும் வேண்டாம். சுற்றுவதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்திருந்தால் குப்பையில் தேடியாவது எடுத்துப் போங்கள், எத்தனை மில்லிகிராம், என்றைக்கு நிறுத்தினீர்கள் என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.