டாக்குமெண்டரி கேள்விகள், கொஞ்சம் நீண்ட பதில்கள்

போன இதழில் ஆவணப்படங்களைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதப்போக, இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சினிமா கிசுகிசு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடுமே, அணைக்கட்டு, வெள்ள நிவாரணம், மந்திரி ரிப்பன் வெட்டுவது என்று ஒரு கருப்பு வெள்ளைப் படம், அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். டாக்குமெண்டரி என்றாலே கொட்டாவி வருகிறது. என் போன்றவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்? (பெரம்பூர் வாசகர்)

அந்தப் படங்களை எடுத்தது ஃபிலிம்ஸ் டிவிஷன், 1948-ல் ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனம். தியேட்டர்காரர்கள் கட்டாயம் போட்டாக வேண்டும் என்று விதி இருந்தது, ஜனங்களும் முறுக்கு வாங்கவும் பீடி பிடிக்கவும் அந்த நேரத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் அதே ஆபீசுக்குள் உட்கார்ந்துகொண்டு சில பேர் சத்தமில்லாமல் விஷமம் செய்திருக்கிறார்கள். எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-ல் எடுத்த 'ஐ ஆம் 20' பாருங்கள். சுதந்திரம் வந்த வருடத்தில் பிறந்த பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, உனக்கும் இருபது வயசு, நாட்டுக்கும் இருபது வயசு, என்னப்பா நினைக்கிறாய் என்று கேட்கிறார். ஒருவன் கண் மின்னக் கனவுகளைச் சொல்கிறான். இன்னொருவன் நாட்டுப்பற்றெல்லாம் எனக்குக் கிடையாது என்கிறான். அரசாங்கக் காசில் எடுத்த படத்தில், அதுவும் 1967-ல்! சுமார் இருபது நிமிடம்தான், கொட்டாவி விட நேரமில்லை.

அது பிடித்துப்போனால் அடுத்தது 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்'. ஃபைசா அகமது கான் 2008-ல் எடுத்தது. மகாராஷ்டிராவில் விசைத்தறிகள் நிறைந்த ஊர் மாலேகாவ், அங்கே சில சினிமாப் பைத்தியங்கள் இந்திப் படங்களைக் கிண்டலடித்துச் சொந்தமாகப் படம் எடுக்கிறார்கள். இந்த முறை சூப்பர்மேன். ஹீரோ யாரென்றால் தறி ஓட்டுகிற, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரியான ஒரு மனிதர். ஆளைப் பறக்க வைக்க அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பீர்கள், நடுநடுவே சிரிப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஏன் என்று சொல்ல மாட்டேன்.

லீவில் பிள்ளைகள் போனும் கையுமாக இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒன்பது வயது, பெரியவனுக்குப் பன்னிரண்டு. அவர்களோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி சொல்லுங்களேன். (வில்லிவாக்கம் வாசகி)

முதலில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு என்கிற யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மன், பெள்ளி கதை, கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்தது, 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. நாற்பது நிமிடம்தான், பேசுவதும் தமிழ்தான், சப்டைட்டில் தொல்லை இல்லை. ரகுவைக் குளிப்பாட்டும் காட்சிகளில் உங்கள் சின்னவள் எழுந்து குதிப்பாள். ஆனால் அவன் வளர்ந்ததும் வனத்துறை அவனை வேறு பாகனிடம் ஒப்படைத்துவிடுகிறது, அந்த இடத்தில் அவள் அழுவாள். அழட்டும், பரவாயில்லை.

பெரியவனுக்கு 'அப்போலோ 11' (2019). நிலவுக்குப் போன 1969 பயணத்தை அப்போது எடுத்த ஃபிலிமை மட்டும் வைத்துத் தொகுத்திருக்கிறார்கள். விளக்கவுரைக் குரல் கிடையாது, பின்னாளில் எடுத்த பேட்டியும் கிடையாது. முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதைதான், இருந்தும் கவுண்ட்டவுன் ஓடும்போது நகத்தைக் கடிக்க வைக்கிறது. 'மை ஆக்டோபஸ் டீச்சர்' இரண்டு பேரும் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காக் கடலில் ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டர்கூட இல்லாமல் தினமும் முங்கி ஒரு ஆக்டோபஸோடு பழகுகிறார். சுறா கடித்துத் துண்டித்த கை அதற்குத் திரும்ப முளைக்கிறது, பிள்ளைகள் அதை வாரக்கணக்கில் பேசுவார்கள். அந்த மனிதர் அவ்வப்போது கொஞ்சம் அதிகமாகவே தத்துவம் பேசுவார், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

ஓடிடியில் தமிழ் டாக்குமெண்டரி என்று தேடினால் நடிகர் நடிகை கல்யாணமும் வீரப்பனும்தான் வருகிறது. தமிழில் உருப்படியாக ஒன்றுமே எடுக்கவில்லையா சார்? (அம்பத்தூர், கல்லூரி மாணவர்)

தம்பி, வீரப்பனை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். செல்வமணி செல்வராஜ் இயக்கிய 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' (2023) நான்கு பாகம்தான், அவர் மனைவி முத்துலட்சுமியும் பேசுகிறார், போலீஸ்காரர்களும் பேசுகிறார்கள், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அடிவாங்கிய கிராமத்து ஜனங்களும் பேசுகிறார்கள். அந்த மூன்றாவது தரப்புக்காகவே பார்க்கலாம்.

மற்றபடி உங்கள் கேள்விக்கு 1940-லேயே பதில் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார். காந்தி உயிரோடு இருக்கும்போதே அவரைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று கிளம்பி, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று அலைந்து, யார் யாரோ படம்பிடித்து எங்கெங்கோ போட்டுவைத்திருந்த ஃபிலிம் துண்டுகளைக் கேட்டுக் கெஞ்சிச் சேகரித்தார். சேர்ந்தது சுமார் ஐம்பதாயிரம் அடி, படத்தில் வந்தது அதில் நான்கில் ஒரு பங்கு அளவுதான். வெள்ளைக்காரன் ஆட்சி, உலகப் போர் வேறு நடக்கிறது, இமெயிலும் இல்லை, ஒரு தனி மனிதர் தபால் எழுதியும் கப்பல் ஏறியும் இதைச் செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. அந்தத் தமிழ்ப் படம் அப்படியே நமக்குக் கிடைக்கவில்லை, 1953-ல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவம்தான் மிஞ்சியது. படம் எடுத்த கதையை அவரே எழுதியிருக்கிறார், 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாகக் கிடைக்கிறது. கன்னிமாரா நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

அப்புறம் இந்தப் பக்கம் வந்தால், ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்'. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அன்றைக்கு நடந்ததைப் படமாகவே பார்க்கலாம். பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை', 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த கதையை, தப்பிப் பிழைத்தவர்களின் வாயாலேயே சொல்கிறது. ஆர்.பி. அமுதனின் 'பீ' மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளிச் சுத்தம் செய்யும் பெண்ணின் பின்னாலேயே போகிறது, அவ்வளவுதான் படம், ஆனால் பாதியில் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்து முடித்தவர்கள் குறைவு. அதே விஷயத்தை ஊர் ஊராகப் போய் எடுத்தது திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017). கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்து 2013-லேயே சட்டம் வந்தாயிற்று, அதற்கு அப்புறமும் என்ன நடக்கிறது என்று காட்டியதற்குத்தான் பல ஊர்களில் திரையிடவே போலீஸ் அனுமதி தரவில்லை. அவர் யூடியூபில் போட்டார், ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற படம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஆக, எடுக்காமல் இல்லை தம்பி. ஓடிடிக்காரர்கள் முகப்பில் வைப்பதில்லை.

ஆவணப்படத்தில் காட்டுவதெல்லாம் உண்மைதானா? என் மருமகன் எல்லாமே செட்டப் என்கிறான். (தி.நகர் வாசகர்)

உங்கள் மருமகன் பாதி சரி. முதல் பெரிய ஆவணப்படம் என்று கொண்டாடப்படும் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) படத்திலேயே செட்டப் உண்டு. பனிப்பிரதேசத்து எஸ்கிமோ வேட்டைக்காரர் நானூக், அவர் குடும்பம் இவர்களைப் பற்றிய படம் அது. பனிக்கட்டி வீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி பாதி வீட்டை மட்டும் கட்டச் சொல்லி, திறந்த வெளிக் குளிரில் அந்தக் குடும்பத்தைத் தூங்குகிற மாதிரி நடிக்க வைத்தார். அவர்கள் அப்போதே வேட்டைக்குத் துப்பாக்கி வைத்திருந்தார்கள், படத்துக்காக ஈட்டியைத் தூக்க வேண்டியதாயிற்று. நானூக் என்பது அவர் நிஜப் பெயர்கூட இல்லை.

அதைவிட மோசம், டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' (1958). லெம்மிங் என்கிற எலி மாதிரியான பிராணிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று காட்டுவதற்காக, அவை இயல்பாக வாழாத இடத்துக்கு விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து மேட்டிலிருந்து தள்ளியே விட்டார்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வேறு! காட்டு விலங்குப் படங்களில் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி ஸ்டுடியோவில் சேர்த்தது, அரை மைல் தள்ளி நிற்கிற கரடியின் காலடி எந்த மைக்கில் விழும்? சோளமாவைப் பைக்குள் போட்டுப் பிசைந்தால் பனியில் நடக்கிற சத்தம் அச்சாக வரும். இதெல்லாம் குற்றமா என்றால், இல்லை என்பேன். ஆனால் 'சூப்பர் சைஸ் மீ' (2004) மாதிரி, முப்பது நாள் பர்கர் தின்று ஈரல் கெட்டுப்போனது என்று உலகத்தையே பயமுறுத்திவிட்டு, முப்பது வருடமாக ஒரு வாரம்கூடக் குடிக்காமல் இருந்ததில்லை என்று 2017-ல் இயக்குநரே எழுதினால், அது வேறு கணக்கு.

இப்போது உங்கள் மருமகனிடம் எரோல் மாரிஸின் 'த தின் ப்ளூ லைன்' (1988) கதையைச் சொல்லுங்கள். டல்லஸில் ஒரு போலீஸ்காரரைச் சுட்டதாக ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை, அப்புறம் அது ஆயுளாகக் குறைந்தது. மாரிஸ் அந்தக் கொலையை நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார், ஒவ்வொரு சாட்சி சொன்னபடியும் ஒவ்வொரு தடவை. எல்லாமே செட்டப்தான். ஆனால் அப்படி அடுத்தடுத்துப் பார்க்கும்போது சாட்சிகள் சொன்னது ஒன்றோடொன்று ஒட்டாது என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது. கடைசியில், சாட்சி சொன்ன ஆளே கிட்டத்தட்ட ஒப்புக்கொள்கிறான். அன்றைக்கு கேமரா பழுதாகிவிட்டதால் திரையில் ஒரு டேப் ரெக்கார்டர் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். மறு வருடம் ஆடம்ஸ் வெளியே வந்தார்.

நான் பார்க்கிற ஒரே விஷயம் இதுதான்: படத்தில் இருக்கிற மனிதர்கள் பேசுகிறார்களா, அல்லது அவர்களைக் காட்டிக்கொண்டு வேறு ஒரு கனத்த குரல் பேசுகிறதா? இரண்டாவது ரகமானால் கொஞ்சம் உஷார்.

ஒரே ஒரு படம் சொல்லுங்கள். லிஸ்ட் வேண்டாம். (அண்ணா நகர் வாசகர்)

'பாலா'. இயக்குநர் பாலா இல்லை. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ரே 1976-ல் எடுத்தது, நம் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தயாரித்தது. அரை மணி நேரம்.

என் கணவருக்கு செஸ் பைத்தியம், எனக்குக் கண்ணீர்ப் படங்கள் ஆகாது. இருவரும் சேர்ந்து பார்க்க ஒன்று உண்டா? (மயிலாப்பூர், ஓய்வு பெற்ற ஆசிரியை)

இருக்கிறது டீச்சர். இயன் மெக்டொனால்ட் எடுத்த 'அல்காரிதம்ஸ்' (2012). பார்வையற்ற மூன்று பையன்கள் செஸ் ஆடி உலகப் போட்டி வரைக்கும் போவதை மூன்று வருடம் கூடவே இருந்து எடுத்திருக்கிறார், மூவரில் ஒருவன் சென்னைப் பையன். படம் முழுக்கக் கருப்பு வெள்ளை. பலகையில் கருப்புக் கட்டம் கொஞ்சம் மேடாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் துளை, காய்களுக்கு அடியில் முளை. ஆளுக்கொரு பலகை, நகர்த்தியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரல்கள் காய்களின் மேல் ஓயாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும், உங்கள் கணவர் அதிலேயே ஆட்டத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். இரக்கப்பட வைக்க எந்த முயற்சியும் இல்லை. தோற்றால் பயிற்சியாளரிடம் திட்டு விழும்.

ஒன்பது மணி நேரம் ஓடும் 'ஷோவா' பார்த்தே ஆக வேண்டுமா? (சைதாப்பேட்டை வாசகர்)

ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. முதலில் அலன் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்', 32 நிமிடம், அதுவும் நாஜி முகாம்களைப் பற்றியதுதான். அதைத் தாங்க முடிந்தால் 'ஷோவா'வுக்கு (1985) வாருங்கள், நான்கைந்து நாளாகப் பிரித்துப் பாருங்கள். கிளாட் லான்ஸ்மன் அதில் பழைய பிணக் காட்சி ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை, பேசுகிற முகங்களும் இன்றைய இடங்களும்தான். ட்ரெப்ளிங்கா முகாமில், விஷவாயு அறைக்குப் போகும் பெண்களுக்குத் தலைமுடி வெட்டக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு நாவிதர் இஸ்ரேலில் ஒரு சலூனில் கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டே அதைச் சொல்லிவருவார். சகத் தொழிலாளியின் மனைவியும் தங்கையும் உள்ளே வந்த நாளைச் சொல்ல வரும்போது குரல் நின்றுவிடும், கை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும். சொல்லுங்கள், சொல்லித்தான் ஆக வேண்டும் என்று லான்ஸ்மன் விடாமல் கேட்பார். அப்படிக் கேட்டது நியாயமா என்று எனக்குள் இன்னும் தீரவில்லை.

இதையெல்லாம் சென்னையில் பெரிய திரையில் எங்கே பார்ப்பது? (வேளச்சேரி வாசகி)

நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கலாச்சார மையமான மாக்ஸ்முல்லர் பவன், கல்லூரிச் சாலையில் பிரெஞ்சு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலையும் அவ்வப்போது பாருங்கள், பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. 'மறுபக்கம்' அமைப்பு நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தவறவிடாதீர்கள், 1998-லிருந்து மதுரையில் நடத்துபவர்கள், இங்கேயும் நடத்துகிறார்கள். படம் முடிந்ததும் கலந்துரையாடல் இருக்கும். கேள்வி கேட்கிறேன் என்று மைக்கைப் பிடித்து ஒருவர் பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றுவார், அவர் எல்லா விழாவிலும் இருப்பார். அவர் முடித்து உட்காரும் வரை காத்திருந்தால் இயக்குநரிடமே நேரில் கேட்கலாம்: படத்தில் வந்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டினீர்களா, என்ன சொன்னார்கள்?