டிடிஎல் ஃபிளாஷுக்குப் பணம் போடும் முன்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வளைகாப்பு, பிறந்தநாள் மாதிரி வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுக்கிறேன். ஸ்டாண்டில் தனியாக வைத்து, பவரைக் கையால் மாற்றுகிற மேனுவல் ஃபிளாஷ் ஒன்றும், கேமராவிலிருந்து அதை அடிக்கவைக்கும் ட்ரிக்கரும் போன மாதம் வாங்கினேன். ஒரு படத்தில் முகம் வெளுத்துப் போகிறது, அடுத்ததில் இருட்டடிக்கிறது. கடைக்காரர் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் பணம் போட்டு, வெளிச்சத்தை அளந்து பவரைத் தானே முடிவு செய்கிற டிடிஎல் ஃபிளாஷ் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வேலைக்கு மேனுவலே நல்லது.

வளைகாப்பில் கர்ப்பிணி உட்காரும் நாற்காலி நகர்வதில்லை. ஃபிளாஷுக்கும் அவர் முகத்துக்கும் உள்ள தூரம் மாறாதவரை வெளிச்சமும் மாறாது. நீங்கள் கேமராவோடு கிட்டே போனாலும் வாசல்வரை பின்னால் போனாலும் ஃபிளாஷின் பவரைத் தொட வேண்டியதில்லை. புதிதாக எடுப்பவர்கள், கேமராவோடு நகரும்போதெல்லாம் பவரை மாற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. டிடிஎல் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளக்கும். வெள்ளை வேட்டி வந்தால் குறைக்கும், கறுப்புப் புடவை வந்தால் கூட்டும், முகம் ஒரே மாதிரி வராது.

முதலில் ஆட்டோ ஐஎஸ்ஓவை (கேமரா தன் ஒளி உணர்திறனைத் தானே மாற்றுவதை) நிறுத்துங்கள். பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கும். கேமராவை மேனுவலில் வைத்து ஷட்டர் 1/160 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 5.6, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் 1/16 (முழுப் பவரில் பதினாறில் ஒரு பங்கு) என்று தொடங்குங்கள். வீட்டில் யாரையாவது அந்த நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுங்கள். வெளுத்தால் 1/32, இருட்டாக இருந்தால் 1/8. ஒவ்வொரு படியும் வெளிச்சத்தைப் பாதியாக்கும் அல்லது இரண்டு மடங்காக்கும். ஷட்டரை மாற்றினால் அறையின் டியூப்லைட் வெளிச்சம்தான் கூடிக் குறையும், ஃபிளாஷ் வெளிச்சம் அப்படியே இருக்கும். ஆனால் பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250ஐத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும்.

அப்புறம் ஸ்டாண்டை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். நம் பகுதி வீடுகளில் ஹால் சின்னது, அதனால் நாற்காலிக்கு நாலடியில் வைத்துவிடுகிறோம். வளையல் போட வருகிற அத்தை குனியும்போது ஃபிளாஷுக்கு இரண்டடிக்கு வந்துவிடுவார், அவர் முகத்தில் நாலு மடங்கு வெளிச்சம் விழும். வெளுக்காமல் என்ன செய்யும்? ஸ்டாண்டை எட்டடிக்குத் தள்ளுங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகும், ஆகவே நாலடியில் 1/32 வைத்திருந்தால் பவரை 1/8க்கு ஏற்ற வேண்டும். இப்போது அதே அத்தை இரண்டடி முன்னால் வந்தாலும் வெளிச்சம் இரண்டு மடங்குகூட ஆகாது. முழுப் பவர் வரை போகாதீர்கள். செல் சீக்கிரம் தீரும், அடுத்த ஃபிளாஷுக்குக் காத்திருக்கவும் வேண்டும். அதற்குப் பதில் ஐஎஸ்ஓவை 800 ஆக்கலாம்.

டிடிஎல் உதவும் இடம் உண்டு. மாப்பிள்ளை அழைப்பில் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், தூரம் நொடிக்கு நொடி மாறும். அந்த மாதிரி ஆர்டர் வரத் தொடங்கினால் வாங்குங்கள். அப்போதும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடாதீர்கள், அதே கம்பெனி ஃபிளாஷாக வாங்கினால் இது இரண்டாவது விளக்காக உதவும். டிடிஎல் வேலை செய்ய ட்ரிக்கரும் உங்கள் கேமராவுக்கானதாக இருக்க வேண்டும், கேனான் ட்ரிக்கர் நிக்கானில் டிடிஎல் கொடுக்காது. உங்கள் கேமராவைக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். உத்தரவாதக் காலம் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் வேறு போட்டோகிராபர் படம் எடுக்கும்போதெல்லாம் என் ஃபிளாஷ் அடித்தது. பழுதா?

பதில்: பழுதில்லை. எஸ்1 அல்லது எஸ்2 என்று திரையில் இருந்தால், அது எந்த ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கண்டாலும் அடிக்கும். ட்ரிக்கரின் சிக்னலுக்கு அடிக்கிற ரேடியோ முறைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே ரேடியோவில் இருந்தால் இருவரும் ஒரே சேனலில் இருந்திருப்பீர்கள். ஃபிளாஷ், ட்ரிக்கர் இரண்டிலும் சேனல் எண்ணை ஒன்றுபோல மாற்றிவிட்டு, மண்டபத்தில் ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.