டிஜிலாக்கரில் லைசென்ஸைக் காட்ட போனையே கையில் கொடுக்க வேண்டுமா?

வண்ணார்பேட்டையில் வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்டால், போனையே கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், திரையைக் காட்டினால் போதும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதி 2018-இல் திருத்தப்பட்ட பிறகு, டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் இருக்கும் லைசென்ஸும் அசல் கார்டும் ஒன்றுதான். கார்டைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது இந்தக் கணக்கில் வராது.

எனக்குக் கவலை வேறு. லாக் திறந்த போன் அடுத்தவர் கைக்குப் போனால் லைசென்ஸ் மட்டுமா போகிறது? வாட்ஸ்அப், பிள்ளைகளின் படங்கள், பேங்க் ஓடிபி எல்லாம் கூடவே போகிறது. கார்டைக் காட்டச் சொன்னால் பர்ஸையே யாரும் நீட்டுவதில்லையே!

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குப் போய் போனை ஒரே ஆப்பில் பூட்டி வைக்கும் ‘ஆப் பின்னிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். வெளியேற பின் நம்பர் கேட்கும்படியும் வையுங்கள். லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து அந்த ஆப்பை இப்படிப் பூட்டிவிட்டால், நம்பர் தெரியாதவர் வேறு எதையும் திறக்க முடியாது. ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’ இதே வேலையைச் செய்யும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றாலும், போன் உங்கள் கையில் இருக்கும்போதே செய்யலாம்.

அப்புறம், மாஞ்சோலை மலைப் பக்கம் போவதானால் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் திறக்காமல் போகலாம்.