கல்யாணமாகி பெங்களூரு வந்துட்டேன், ஃப்ரெஷர் நர்ஸுக்கு எங்க வேலை கெடைக்கும்?

கேள்வி: சிஸ்டர், எனக்கு விருதுநகர் பக்கம். இப்பதான் பிஎஸ்சி நர்சிங் முடிச்சேன், தமிழ்நாடு கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணி நம்பரும் வாங்கியாச்சு. கல்யாணமாகி மூணு மாசமா பெங்களூருல ஓசூர் ரோடு பக்கம் இருக்கோம். ஆறு ஆஸ்பத்திரிக்கு ரெஸ்யூம் அனுப்புனேன், ரெண்டு எடத்துல கூப்டு எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னு அனுப்பிட்டாங்க. ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல 12,000 தரேன், ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட குடுத்துட்டு ரெண்டு வருஷ பாண்ட் போடுன்னு சொல்றாங்க. வீட்ல பேசாம மெடிக்கல் கோடிங், அதான் கம்ப்யூட்டர்ல நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடற வேலை, அதுக்கு போயிருங்கறாங்க. கன்னடமும் தெரியாது. என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த ஒரிஜினல் விஷயத்த முடிச்சுருவோம்மா, ஏன்னா நீங்க இத படிக்கறதுக்குள்ள எங்கயாவது போய் குடுத்துட்டா அப்புறம் மத்ததெல்லாம் சொல்லி பிரயோஜனம் இல்ல. குடுக்காதீங்க. காமிங்க, அவங்க சரி பாக்கட்டும், ஜெராக்ஸ் எடுத்துக்கட்டும், அட்டெஸ்ட் பண்ணி கூட குடுங்க, ஆனா ஒரிஜினல் உங்க பீரோலதான் இருக்கணும். நான் நாகர்கோவில்லேந்து இங்க வந்த புதுசுல ஒரு ஆஸ்பத்திரில குடுத்துட்டு பதினாலு மாசம் தவிச்சேன், நடுவுல ஒரு அரசு வேலைக்கு வெரிஃபிகேஷன் வந்தப்ப சர்டிஃபிகேட் கைல இல்ல, அந்த வேலை போச்சு. இத்தன வருஷம் ஆகியும் அத நெனச்சா வயிறு எரியுது, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

சம்பளமும் கேளுங்க. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 பெட்டுக்கு கீழ இருக்க ஆஸ்பத்திரில கூட நர்ஸுக்கு மாசம் 20,000க்கு குறையக் கூடாதுன்னும், 200 பெட்டுக்கு மேல போனா அரசு நர்ஸுக்கு சமமா குடுக்கணும்னும் பரிந்துரை பண்ணுச்சு. முக்கால்வாசி எடத்துல இத கண்டுக்கறதே இல்ல, அது எனக்கும் தெரியும், ஆனா 12,000ங்கறது உங்க படிப்போட விலை கிடையாதுன்னு நீங்களாவது தெரிஞ்சு வச்சுக்கணும்.

இப்ப உங்கள ஏன் திருப்பி அனுப்புறாங்கன்னு பாப்போம். எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னு வாயால சொல்றது ஒண்ணு, உள்ள இருக்க காரணம் பல நேரம் வேற. நீங்க தமிழ்நாடு ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் வச்சுகிட்டு போறீங்க. கர்நாடகால வேலை பாக்க கர்நாடகா ஸ்டேட் நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். என்ஏபிஹெச்ங்கற தரச் சான்று வாங்குன ஆஸ்பத்திரின்னா ஒவ்வொரு நர்ஸோட ரிஜிஸ்ட்ரேஷனையும் சரி பாத்து ஃபைல்ல வச்சிருக்கணும், ஆடிட்ல முதல்ல புரட்டுற ஃபைலே அதுதான். அதனால ஹெச்ஆர்ல இருக்கவங்க ரெஸ்யூமப் பாத்ததும் வேற ஸ்டேட், ஃப்ரெஷர்னு ரெண்டையும் சேத்து ஓரமா வச்சுருவாங்க. அதுனால வேலை தேடறதும் ரிஜிஸ்ட்ரேஷன மாத்தறதும் ஒண்ணா நடக்கணும், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு உக்காந்தா மாசம் ஓடிரும். தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல என்ஓசிக்கு, அதான் ஆட்சேபணை இல்லன்னு குடுக்கற சான்றுக்கு போட்டுருங்க, இந்தியன் நர்சிங் கவுன்சிலோட ஆன்லைன் பதிவேடான என்ஆர்டிஎஸ்ல உங்களுக்கான தனி அடையாள நம்பர், என்யூஐடி, வந்துருச்சான்னு பாருங்க, அப்புறம் இங்க கர்நாடகா கவுன்சில்ல அப்ளை பண்ணுங்க. இதுக்கு வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல கூட ஆகும். ஆனா அப்ளை பண்ண ரசீது கைல இருந்தாலே பேச்சு மாறும், ரிஜிஸ்ட்ரேஷன் ப்ராசஸ்ல இருக்குன்னு எழுதி வாங்கிகிட்டு சேத்துக்கற எடங்கள நானே நிறைய பாத்திருக்கேன்.

இதுல கல்யாணமான பொண்ணுங்க எல்லாரும் மாட்டற எடம் ஒண்ணு இருக்கு, ஆதார். என்ஆர்டிஎஸ் ஆதாரோட ஒட்டுனது. சர்டிஃபிகேட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல அவசரப்பட்டு வீட்டுக்காரர் பேர சேத்தாச்சுன்னா ரெண்டும் பொருந்தாது, அஃபிடவிட், கெஜட்னு அலைய வேண்டி வரும். அட்ரஸ வேணா மாத்திக்குங்க, பேர ரிஜிஸ்ட்ரேஷன் முடியற வரைக்கும் தொடாதீங்க. மாமியார் வீட்ல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.

எங்க போய் கேக்கறது? நீங்க இருக்கறதே ஓசூர் ரோடு, அரசோட நிம்ஹான்ஸ், கித்வாய் ஆஸ்பத்திரிங்கள்லேந்து பொம்மசந்திரால நாராயணா ஹெல்த் சிட்டி வரைக்கும் அதே ரோட்டு பக்கம்தான், கோரமங்களால செயின்ட் ஜான்ஸ் இருக்கு. அரசு ஆஸ்பத்திரிங்கள்ல நோட்டிஃபிகேஷன் பாத்துதான் போட முடியும், அது வேற வழி. தனியார்ல மெடிக்கல் காலேஜோட சேந்த பெரிய ஆஸ்பத்திரியா பாருங்க. அங்கல்லாம் வெளிநாடு போறதுக்கு சிஸ்டர்ஸ் விட்டுட்டு போய்கிட்டே இருப்பாங்க, எடம் காலியாகிகிட்டே இருக்கும், அதனால ஃப்ரெஷர்ஸ மொத்தமா ஒரு பேட்ச்சா எடுத்து ஆரம்ப பயிற்சி, அதான் இண்டக்‌ஷன் குடுத்து வார்டுல விடுவாங்க. சின்ன எடத்துல ஆள் பத்தாது, வந்த அன்னிக்கே தனியா நிக்கற ஆள்தான் வேணும், அதுனாலதான் எக்ஸ்பீரியன்ஸ் கேக்கறாங்க. மெயில் மட்டும் அனுப்பாதீங்க, காலைல பத்து மணிக்கு மேல ரவுண்ட்ஸ் முடிஞ்ச நேரமா பாத்து நர்சிங் ஆஃபீஸுக்கு நேர்ல போய் நர்சிங் சூப்பரிண்டெண்டன்ட பாக்கணும்னு கேளுங்க. ஹெச்ஆர் தள்ளிவிடற பேப்பர நர்சிங் ஆஃபீஸ்ல உள்ளவங்க எடுத்துக்குவாங்க, நான் சூப்பரிண்டெண்டன்டா இருந்தப்ப அப்படி வாசல்ல வந்து நின்ன பிள்ளைங்கள நிறைய எடுத்திருக்கேன், அதுல சில பேர் இப்ப ஐசியு இன்சார்ஜ்.

எக்ஸ்பீரியன்ஸ் எதுவுமே இல்லன்னு நீங்களே சொல்லாதீங்க. புது சிலபஸ்ல படிச்சவங்கன்னா எட்டாவது செமஸ்டர்ல 22 வாரம் இண்டர்ன்ஷிப் பாத்திருப்பீங்க, அத ரெஸ்யூம்ல ஒரே வரில போட்டா யாருக்கு புரியும்? எந்த வார்டு, எத்தன பெட், எத்தன வாரம், கையால என்னென்ன பண்ணீங்கன்னு லாக்புக்கப் பாத்து எழுதுங்க. பிஎல்எஸ், அதான் மூச்சோ இதயமோ நின்னா செய்யற உயிர்காக்கும் பயிற்சி, அத முடிச்சு கார்டு வாங்கிருங்க, அது ரெண்டு வருஷத்துக்கு செல்லும்.

இண்டர்வியூல பெரிய கேள்வியெல்லாம் வராது, தெனம் செய்யற வேலையிலேந்துதான் கேப்பாங்க. நான் எப்பவும் கேக்கறது இது: 500 எம்எல் நார்மல் சலைன் நாலு மணி நேரத்துல போகணும், டிரிப் செட்டுல ஒரு எம்எல்லுக்கு 20 டிராப், நிமிஷத்துக்கு எத்தன டிராப்? 500ஐ 20ஆல பெருக்கி 240 நிமிஷத்தால வகுத்தா 41.6, அதாவது 42. கணக்கு வந்துருச்சான்னு மட்டும் பாக்க மாட்டேன், அடுத்து பேஷண்ட் ஹார்ட் ஃபெயிலியர்னு கேஸ் ஷீட்ல இருக்குன்னு சொல்லுவேன், அப்ப இவ்ளோ வேகமா போகலாமா, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்கணுமேன்னு சொல்ற பொண்ணு எனக்கு வேணும். அதே மாதிரி பொட்டாசியம் குளோரைட கலக்காம நேரா நரம்புல ஏத்தவே (ஐவி புஷ்) கூடாது, வார்டு கழிவுல ஊசி வெள்ளை டப்பால, ஊசி இல்லாத சிரிஞ்சு சிவப்பு கவர்ல, உடைஞ்ச கண்ணாடி நீலத்துல, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள்லன்னு தடுமாறாம வரணும். தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க, பரவால்ல. தெரிஞ்ச மாதிரி சமாளிக்கற ஆள வார்டுல விட எனக்கு பயமா இருக்கும்.

அவங்க கேட்டு முடிச்சதும் நீங்களும் கேக்கணும். இண்டக்‌ஷன் எத்தன நாள், யார் கூட போடுவீங்க, முதல் நைட் டியூட்டி எப்போ, நைட்ல ஒரு சிஸ்டருக்கு எத்தன பேஷண்ட். முதல் வேலைல 2,000, 3,000 கூடக் கொறைய இருக்கறத விட பக்கத்துல ஒரு சீனியர் நின்னு கத்துக்குடுக்கறாங்களாங்கறதுதான் பெரிசு. ராத்திரி ரெண்டு மணிக்கு பேஷண்டுக்கு பிபி எறங்குனா நீங்க யாரக் கூப்டுவீங்க? அதுக்கு பதில் இல்லாத எடத்துல உங்க லைசன்ஸ அடகு வைக்காதீங்க, தப்பு நடந்தா கையெழுத்து உங்களோடது.

மெடிக்கல் கோடிங் பத்தி கேட்டீங்க. அது கெட்ட வேலை இல்ல, குடும்பத்துல உடனே காசு வேணும்னா போங்க, யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நர்ஸாவே இருக்கணும்னு மனசு இருந்தா இப்ப போகாதீங்க, அங்க இருக்கற ரெண்டு வருஷம் பெட்சைட் எக்ஸ்பீரியன்ஸ்ல சேராது, வளைகுடா பக்கம் போறதுக்கு பொதுவா ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி அனுபவம் கேப்பாங்க, அப்ப திரும்ப ஃப்ரெஷரா வந்து நிக்கணும். அதுக்கு பதிலா நார்செட் படிங்க. எய்ம்ஸ் நடத்தற நர்சிங் ஆஃபீசர் பரீட்சை, பிஎஸ்சி முடிச்சு ரிஜிஸ்ட்ரேஷன் இருந்தா அனுபவமே இல்லாம எழுதலாம், வயசு 30க்குள்ள, இட ஒதுக்கீட்டுக்கு தளர்வு உண்டு. பே லெவல் 7, பேசிக் மட்டுமே 44,900.

கன்னடத்துக்கு பயப்படாதீங்க. வலிக்கு அவங்க சொல்றது நோவு, நம்ம பாட்டிங்க சொல்ற அதே நோவு. எல்லி நோவு, எங்க வலிக்குது. ஊட்டா ஆய்த்தா, சாப்டாச்சா. மாத்ரெ தகொளி, மாத்திரை எடுத்துக்குங்க. நீரு குடீரி, தண்ணி குடிங்க. இந்த நாலையும் வச்சுகிட்டு முதல் வாரம் ஓட்டிரலாம், மிச்சத்த வார்டு ஆயாம்மாவும் பேஷண்டோட கூட இருக்கவங்களுமே சொல்லிக்குடுப்பாங்க. எனக்கு கன்னடம் கத்துக்குடுத்தது டயாலிசிஸுக்கு வாரம் மூணு தடவை வந்த ஒரு தாத்தா, நான் தப்பா சொன்னா ஊசி போட கைய நீட்ட மாட்டாரு, சரியா சொன்னப்புறம்தான் நீட்டுவாரு.

திங்கக்கிழமை காலைல என்ஓசிக்கு போட்டுருங்க, அந்த ரசீதோட மூணு ஆஸ்பத்திரி நர்சிங் ஆஃபீஸ் ஏறி எறங்கிட்டு என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்கம்மா.