திருகோணமலையில் திரிகோணம் இருக்கிறதா?

சொல்லும் வேரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் திரிகோண கணிதம் படிக்கிறாள். ஆங்கிலத்தில் அது 'ட்ரிக்னாமெட்ரி', நம் ஊர் 'ட்ரிங்கோமலி'. முக்கோண வடிவத்தால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்ததா? (வாசகி, உப்புவெளி)

பதில்: இல்லை அம்மா. ஊர்ப்பெயரின் தலையில் நிற்பது மூன்றைக் குறிக்கும் 'திரி' அல்ல, 'திரு'. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு வரும் முடிப்பு 'கோணமாமலை யமர்ந்தாரே' என்பது. அங்கே மலையின் பெயர் கோணமலை, 'மா' அதற்கு அடை. ஆரூர் திருவாரூர் ஆனதுபோல, கேதீச்சரம் திருக்கேதீச்சரம் ஆனதுபோல, இதற்கும் 'திரு' சேர்ந்தது. ஐரோப்பியர் நாக்கில் அது 'ட்ரி' ஆன பிறகு மூன்று என்ற மயக்கம் எளிதாகிவிட்டது.

சரி, 'கோணம்' கிரேக்கக் 'கோனியா'வோடு (மூலை) உறவா? இங்கேதான் கவனம் வேண்டும். கோனியாவுக்கு அடி 'கோனு', அதாவது முழங்கால். முழங்கால் சமஸ்கிருதத்தில் 'ஜானு', ஆங்கிலத்தில் 'நீ'. அந்த ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முன்னால் நிற்கும் 'கே' எழுத்தைப் பழைய ஆங்கிலத்தில் உச்சரித்தும் வந்தார்கள். ஆக கிரேக்கத்தில் 'க' (g) ஒலி, சமஸ்கிருதத்தில் 'ஜ', ஆங்கிலத்தில் 'க' (k) ஒலி. இது ஒரு சொல்லில் மட்டும் வந்த பொருத்தம் அல்ல. கிரேக்க 'கெனொஸ்', சமஸ்கிருத 'ஜன', ஆங்கில 'கின்' என்ற வரிசையிலும் அப்படியே வருகிறது. கோனியாவுக்கு சமஸ்கிருதத்தில் உடன்பிறப்பு இருந்தால் அது 'ஜ'வில் தொடங்கியிருக்க வேண்டும். 'கோண' அந்தப் பிறப்பு அல்ல.

உடன்பிறப்பு வேறு, கடன் வேறு. சோதிடக் 'கேந்திர'மும் 'ஓரை'யும் கிரேக்கத்திலிருந்து வந்த கடன்கள். சோதிடத் 'திரிகோண'த்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கும் அறிஞர்கள் உண்டு. தமிழிலோ கோண், கோணு, கோணல் என்று வினையும் பெயருமாக ஒரு குடும்பமே இருக்கிறது. ட்ரிக்னாமெட்ரியின் 'ட்ரி', சமஸ்கிருத 'த்ரி', ஆங்கில 'த்ரீ' மூன்றும் மட்டும் உண்மையிலேயே ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

கேள்வி: ஒன்று–வன், எட்டு–எய்ட். எண்கள் இப்படிப் பொருந்துவது தற்செயலாகவா இருக்கும்? (வாசகர், கிண்ணியா)

பதில்: தற்செயல்தான். நீங்களே சோதிக்கலாம். முதலில் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடுங்கள். 'வன்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'ஆன்'. முன்னால் இருக்கும் வகர ஒலி பிற்காலத்தில் ஒட்டியது. அது ஒட்டாத பழைய ஒலி 'அலோன்', 'ஓன்லி' என்ற சொற்களில் இன்றும் இருக்கிறது. அடுத்து, சொல்லை அதன் சொந்தக்காரரோடு வைத்துப் பாருங்கள். எட்டுக்குச் சொந்தம் எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்திலும் 'எண்டு'. அடி 'எண்' என்பது இதிலேயே தெரிகிறது. எய்ட்டின் சொந்தமோ லத்தீன் 'ஒக்டோ', சமஸ்கிருத 'அஷ்ட'. அந்தப் பக்கத்தில் ணகரம் எங்கேயும் இல்லை.

பலர் தவறுவது, இன்றைய வடிவங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால். உறவு இருந்தால் ஒலி மாற்றம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும்: பித்ரு–ஃபாதர், பாத–ஃபுட், பஞ்ச–ஃபைவ். தமிழ்ச் சொல்லுக்கு பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் (இரண்டாம் பதிப்பு 1984) பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

கேள்வி: கதிரை, லாச்சி, போஞ்சி. இவற்றில் எது போர்த்துக்கேயம், எது ஒல்லாந்தம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகர், மூதூர்)

பதில்: உண்டு, சொல்லின் வாலைப் பாருங்கள். போர்த்துக்கேயத்தில் 'ஆ' என்று முடியும் சொற்கள் பல, தமிழில் 'ஐ' என்று முடிகின்றன: மேசா–மேசை, கதெய்ரா–கதிரை, வராண்டா–விறாந்தை, தவேர்னா–தவறணை. ஜனெலா மட்டும் வாலை இழந்து யன்னல் ஆகிவிட்டது. ஒல்லாந்த மொழியில் சிறியதைக் குறிக்க 'ட்யெ' என்ற விகுதி சேர்ப்பார்கள். அது நம்மிடம் 'ச்சி' அல்லது 'ஞ்சி' ஆயிற்று. 'லாட்யெ' (சின்ன இழுப்பறை) லாச்சி, 'போன்ட்யெ' (சின்ன அவரை) போஞ்சி. அந்த விகுதியின் பொருள் இங்கே வந்ததும் மறைந்துவிட்டதால், எவ்வளவு பெரிய லாச்சியும் நமக்கு லாச்சிதான்.

பொருள் வட்டமும் உதவும். பாண், சப்பாத்து, அலுமாரி, குசினி என்று வீட்டுப் பொருளும் உணவும் உடையும் பெரும்பாலும் போர்த்துக்கேயம். கந்தோர் ஒல்லாந்தம். இங்கே கோட்டையை 1624இல் போர்த்துக்கேயர் கட்டினர், 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர், 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனால் இந்தச் சொற்கள் தீவு முழுவதற்கும் பொது. சிங்களத்திலும் மேசய, லாச்சுவ, போஞ்சி உண்டு. பாண் இன்னும் தூரம் போயிருக்கிறது. மும்பையின் பாவ் பாஜியில் உள்ள 'பாவ்', ஜப்பானியர் சொல்லும் 'பான்' இரண்டும் அதே போர்த்துக்கேயச் சொல்.

கேள்வி: சிங்கள நண்பர் வாசலில் நின்று 'என்ன, என்ன' என்று அழைக்கிறார். இது தமிழ் 'என்ன'வா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: அல்ல, 'வாருங்கள்' என்கிறார். யன்ன (போங்கள்), கன்ன (சாப்பிடுங்கள்), பலன்ன (பாருங்கள்) என்பவற்றில் வரும் அதே மரியாதை ஏவல் விகுதி அது. சிங்களக் 'கடே' மட்டும் தமிழ்க் கடையேதான்.

கேள்வி: கொரியத் தொடர்களில் அப்பா, ஒம்மா, வா, நாள் எல்லாம் கேட்கிறதே! இரண்டும் ஒரே குடும்ப மொழிகளா? (வாசகி, நிலாவெளி)

பதில்: அப்பாவையும் அம்மாவையும் கணக்கில் எடுக்காதீர்கள். உதடு ஒட்டிப் பிரியும் இந்த ஒலிகள்தான் குழந்தைக்கு முதலில் வருகின்றன. அவற்றைப் பெற்றோர் தங்கள் பெயராக்கிக்கொள்வது உலகெங்கும் உண்டு. ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா!

கொரிய 'வா'வின் அடி 'ஓ'. அதோடு 'ஆ' சேர்ந்து 'வா' ஆகிறது. பார்ப்பதைக் குறிக்கும் 'போ' என்ற அடி 'ப்வா' ஆவதும் இப்படித்தான். தமிழ் 'வா'வின் சொந்தமோ வரு, வரவு, வந்தேன். இரண்டையும் பிரித்துப் பார்த்ததும் பொருத்தம் கரைந்துவிடுகிறது. 'நாள்' ஒலியிலும் பொருளிலும் அப்படியே பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள எந்த இரு மொழியிலும் இத்தகைய ஓரசைச் சொற்கள் சில மோதிக்கொள்ளும். உறவு இருந்தால் உடல் உறுப்பிலும் சிறு எண்களிலும் தடம் இருக்க வேண்டும். அங்கே கண் 'நுன்', கை 'சொன்', ஒன்று 'ஹனா', இரண்டு 'துல்'.