பிரார்த்தித்தும் கோபம் தணியவில்லையே என்ற கேள்விக்கு

சொத்துப் பிரிவினைக்குப் பின் இரண்டு ஆண்டுகளாகப் பேசாத அண்ணனை மன்னிக்கும் மனம் வேண்டி நாள்தோறும் பிரார்த்தித்தும், அவரைக் கண்டதும் கோபம் திரும்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உங்கள் பக்தியின் குறையாக நான் கருதவில்லை. பிரார்த்தனை உங்கள் மனத்தைப் பக்குவப்படுத்தும்; அவர் காதில் விழ வேண்டிய சொற்களை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் தலைமையில் 1996-இல் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகள் பற்றிய விசாரணைகளைத் தொடங்கிய தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் பிரார்த்தனைக்கும் இடமிருந்தது. ஆயினும் பொதுமன்னிப்புக் கோரியவர்கள் தம் செயல்களை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்பது அங்கே நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே, சற்று நேரம் மௌனமாக அமர்ந்து, இந்தப் பிணக்கில் உங்கள் பங்கு என்னவென்று முதலில் எழுதிப் பாருங்கள் (எனக்கு இதுவே மிகக் கடினமாக இருந்தது). பிறகு இருவரும் மதிக்கும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். பாகக் கணக்கை அன்றைக்கே எடுக்காமல், ஆவணங்களுடன் வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். மன்னிப்பதற்காக உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.